சிற்றில் சிதைக்கும் கைகள்

தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் பிள்ளைத்தமிழ் தனிச் சிறப்புடையது. பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்கள் அமைத்துப் பாடுவது அதன் மரபு. சைவ, வைணவப் புலவர்களேயன்றி இசுலாமியப் புலவர்களும் கிறித்தவப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடி அவ்வகையை வளப்படுத்தியுள்ளனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. அவற்றுள் சிற்றிற் பருவம் நம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பது. சிறுமியர் மணலில் சிறுவீடு கட்டி விளையாடுகின்றனர். தலைவனாகிய சிறுவன் வந்து அதனைத் தன் காலால் அழிக்க முற்படுகின்றான். அழிக்க வேண்டா என்று அச்சிறுமியர் இரந்து நிற்கின்றனர்.

இப்பருவத்தை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். ஓசை நயத்தையும் கற்பனை வளத்தையும் எடுத்துக்காட்டியிருக்கிறோம். அந்த மணல்வீடு அச்சிறுமியர்க்கு ஏன் அத்துணை அருமையானது என்று மட்டும் நாம் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. அது அழகிய வீடு என்பதாலா? உறுதியான வீடு என்பதாலா? இல்லை. அது அவர்கள் தம் கையால் கட்டிய வீடு என்பதே காரணம். இந்த எளிய உண்மையை நமக்கு உணர்த்தியது நூலன்று. நம் ஊரில் நடந்த குழந்தைகள் ஓவியக் கண்காட்சி ஒன்றேயாகும்.

நாம் நடுவராக இருந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்ப் பெரியோர் சிலர் முன்னின்று, திருமண மகால் ஒன்றில் குழந்தைகளின் ஓவியக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தனர். எல்லாத் தெருக்களிலிருந்தும் எல்லாச் சமயத்துக் குழந்தைகளும் படங்கள் அனுப்பினர். பரிசுக்குரியவற்றைத் தேர்ந்தெடுக்க அமர்த்தப்பட்ட மூவருள் நாமும் ஒருவர். தமிழாசிரியருக்கு ஓவியத்தில் என்ன தகுதி என்று யாரும் வினவவில்லை, நாமும் வினவிக்கொள்ளவில்லை.

சுவர் நிறையப் படங்கள். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஒரே படம் எனலாம். இரு மலைகள், அவற்றிடையே எழும் கதிரவன், வளைந்தோடும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, அருகே தென்னைமரம், வானில் நான்கு பறவைகள். 'இயற்கைக் காட்சி' என்னும் பெயரில் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் வரைந்துவரும் படம் அதுவே. மலையே இல்லாத நம் ஊரில், கடலோரத்திலும் வயலோரத்திலும் வாழும் பிள்ளைகள், தாம் கண்டிராத மலையை வரைந்திருந்தனர். அவற்றுள் மிகத் தூய்மையாக அமைந்த ஒன்றுக்கு முதற்பரிசு வழங்கினோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறி அதனைப் பெற்றான். இறங்கி வந்தவனை அருகழைத்து, "நன்றாக வரைந்திருக்கிறாயே!" என்று பாராட்டினோம். "நான் வரையல சார், எங்க அத்தா வரைஞ்சு குடுத்தாங்க. கலர் மட்டும் நான் அடிச்சேன்" என்றான். சுற்றி நின்றோர் சிரித்தனர்; நாமும் சிரித்தோம். அச்சிறுவனின் வாய்மைக்கு முன் நம் தீர்ப்பு பொய்த்து நின்றதை அப்பொழுது நாம் உணரவில்லை.

மாடிப்படி ஓரத்தில், இடம் போதாமையால் ஒட்டப்பட்டிருந்த சில படங்களுள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் படமும் இருந்தது. தாள் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு செல்பேசி. அதனுள் மீசை வைத்த ஒரு முகம். கீழே ஓர் ஓரத்தில் விரலளவில் மூன்று உருவங்கள் அதனை அண்ணாந்து பார்த்து நின்றன. "அளவு சரியில்லை" என்றார் நடுவருள் ஒருவர். "பின்னணி முடிக்கப்படவில்லை" என்றார் மற்றொருவர். நாம் இரண்டையும் ஆமோதித்தோம். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் அச்சிறுமி அப்படத்தின் கீழ் நின்றிருந்தாள். இது என்னம்மா என்று கேட்டோம். "இது எங்க வீடு சார். இது நான், இது தம்பி, இது அம்மா. அத்தா இதுக்குள்ளதான் இருக்காங்க" என்றாள். அவளுடைய தந்தை பொருளீட்டும்பொருட்டு வளைகுடா நாட்டில் இருப்பவர்.

மறு ஆண்டுக் கண்காட்சியின் பெயர்ப்பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளுடைய வகுப்பாசிரியையிடம் வினவினோம். "எனக்கு வரைய வராதுன்னு சொல்லிட்டா சார்" என்றார் அவர். நூற்றுக்கணக்கான படங்களுள் ஒரு வீட்டின் உண்மையைச் சொன்ன படத்தை வரைந்தவள், தனக்கு வரைய வராது என்று எட்டு வயதில் முடிவு செய்துவிட்டாள். அம்முடிவை அவளுக்கு எழுதிக் கொடுத்தவர் நாமே. சிற்றில் சிதைத்த கால் நம்முடையது.

அளவு தவறுவது பிழையா?

குழந்தையின் படத்தில் அளவு ஏன் மாறுகிறது என்பது அறிஞர் பலர் ஆராய்ந்து தெளிந்த செய்தியாகும். பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இல் வெளியிட்ட தம் நூலில், குழந்தை கண்ணுக்குத் தோன்றுவதை வரைவதில்லை, தான் அறிந்ததையே வரைகின்றது என்று விளக்கினார். வீட்டின் சுவர் மறைத்தாலும் உள்ளே அம்மா இருப்பது குழந்தைக்குத் தெரியும். ஆதலின் சுவரின் ஊடே அம்மாவும் தெரிவாள். ஆத்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய விக்டர் லோவன்ஃபெல்டு, 1947இல் வெளியான தம் நூலில் குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை வகுத்துக் காட்டினார். கிறுக்கலில் தொடங்கி, தலையும் காலும் மட்டுமே உள்ள மனித உருவத்தைக் கடந்து, பின்னரே புறத்தோற்றத்தோடு ஒத்த படத்திற்குக் குழந்தை வந்து சேர்கின்றது. தனக்கு முதன்மையானது எதுவோ அதனைப் பெரிதாகவும், ஏனையவற்றைச் சிறிதாகவும் வரைதல் அவ்வழியில் இயல்பாக நிகழ்வதாகும். பெரியவர் வரைந்து கொடுத்த கோட்டுப்படத்தில் வண்ணம் மட்டும் தீட்டச் செய்வது குழந்தையின் தன்னம்பிக்கையைக் குலைக்கும் என்பதையும் அவர் வற்புறுத்தினார்.

குழந்தைகள் மட்டுமா இவ்வாறு வரைகின்றனர்? பண்டை எகிப்தியரின் ஓவியங்களில் மன்னன் பேருருவினனாகவும் பணியாளர் சிற்றுருவினராகவும் காணப்படுவர். அதனை யாரும் பிழை என்பதில்லை. அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் தமிழ் அணியிலக்கணத்தில் உயர்வு நவிற்சி என்று ஓர் அணி உண்டு. புலவர் ஒருவர் மாடத்தை முகில் தொட உயர்த்திப் பாடினால், அளவு சரியில்லை என்று நாம் மதிப்பெண்ணைக் குறைக்கிறோமா? 'உயர்வு நவிற்சியணி' என்று எழுதி முழு மதிப்பெண் வழங்குகிறோம். புலவர்க்கு அணியாவது குழந்தைக்குப் பிழையாவது எங்ஙனம்? வீட்டினும் பெரிய செல்பேசியை வரைந்த அச்சிறுமி அளவறியாதவள் அல்லள். அவள் வாழ்வில் எது எவ்வளவு பெரிது என்பதை அவள் மிகச் சரியாக அளந்திருந்தாள். அளக்கத் தெரியாதவர்கள் நடுவர் இருக்கையில் இருந்தோம்.

ஓர் ஆசிரியையின் இரு பெட்டிகள்

குழந்தையின் படத்தைக் குழந்தையின் படமாகவே காணவேண்டும் என்னும் எண்ணத்திற்கு வித்திட்டவர்களுள் ஃபிரான்சு சிசெக் குறிப்பிடத்தக்கவர். பொகீமிய நாட்டின் லைட்மெரிட்ஸ் என்னும் ஊரில் 1865இல் பிறந்த இவர், 1897இல் வியன்னா நகரில் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கினார். பார்த்து வரையும் மாதிரிப் படங்களை ஒதுக்கிவிட்டுக் குழந்தைகள் தம் உள்ளத்தில் உள்ளதை வரைய அவர் இடமளித்தார். முதல் உலகப்போருக்குப் பின் 1920களில் அவருடைய மாணவரின் படங்கள் இங்கிலாந்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஓவியம் கற்பிப்போர் பலர் தம் முறையை மாற்றிக்கொண்டனர்.

சிசெக்கிடம் இளமையில் பயின்றவர்களுள் ஒருவர் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் யூதப் பெண்மணி. 1898இல் வியன்னாவில் பிறந்தவர். செருமனியின் புகழ்பெற்ற பௌகவுசு கலைப்பள்ளியிலும் கற்றவர். நாசிகள் அவரை 1942 டிசம்பரில் தெரேசின் முகாமில் அடைத்தனர். அம்முகாம் அமைந்த ஊர் சிசெக் பிறந்த ஊருக்கு மிக அண்மையில் உள்ளது என்பது வரலாற்றின் விந்தை. கையில் எடுத்துச்செல்ல இசைவளிக்கப்பட்ட சுமையில் அவர் தாளும் வண்ணமும் கொண்டு சென்றார். பெற்றோரைப் பிரிந்து, பசியிலும் நோயிலும் வாடிய சிறுவர் சிறுமியர்க்கு அங்கு ஓவியம் கற்பித்தார். தாள் தீர்ந்தபோது, பயன்படுத்திய அலுவலகப் படிவங்களும் பொதி சுற்றிய காகிதங்களும் ஓவியத்தாளாயின.

அவர் குழந்தைகளிடம் வற்புறுத்திய ஒன்று நம் நெஞ்சை விட்டு நீங்காதது. படத்தில் உன் பெயரை எழுது என்பதே அது. மனிதரை எண்களாக்கிப் பட்டியலிட்டு வண்டியேற்றிய இடத்தில், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை அவர் இவ்வாறு காத்தார். 1944 அக்டோபரில் அவர் ஆசுவிட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். செல்லுமுன் ஏறத்தாழ 4,500 படங்கள் இரு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. போர் முடிந்தபின் அப்பெட்டிகள் பிராகு நகர் வந்து சேர்ந்தன. இன்று அந்நகரின் யூத அருங்காட்சியகம் அவற்றைப் பேணி வருகின்றது. அவற்றை வரைந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பெயரும் படமும் எஞ்சின. அவற்றுள் எதற்கு முதற்பரிசு என்று கேட்கும் துணிவு நம்மில் யாருக்கு உண்டு?

குழந்தையின் படம் சான்றாகவும் நிற்கும் என்பதற்கு அண்மைக்கால வரலாறும் துணை நிற்கின்றது. சூடான் நாட்டின் தார்ஃபூர் பகுதியிலிருந்து உயிர் தப்பிச் சாடு நாட்டு முகாம்களில் தங்கியிருந்த குழந்தைகளிடம், 2005இல் மனித உரிமை ஆய்வாளர் இருவர் தாளும் கிரேயானும் கொடுத்தனர். பெற்றோரிடம் பேசி முடிக்கும்வரை பிள்ளைகள் விளையாடட்டும் என்பதே அவர்கள் கருத்து. எதை வரைவது என்று யாரும் சொல்லவில்லை. எரியும் குடிசைகளையும் குதிரையேறி வந்த கொலைஞரையும் அக்குழந்தைகள் வரைந்தனர். அவ்வாறே 2007இல் திரட்டப்பட்ட சுமார் 500 படங்களைப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் சூழலை விளக்கும் சான்றாக ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் செவிமடுக்கும் மொழியை நாம் அளவு சரியில்லை என்று தள்ளுவது முறையாகுமா?

செவிமடுக்க மறுத்த நிகழ்ச்சியும் உண்டு. 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில், காசாக் குழந்தைகள் வரைந்த படங்களின் கண்காட்சியைக் குழந்தைகள் கலைக்கென்றே அமைந்த அருங்காட்சியகம் ஒன்று நடத்த இருந்தது. எதிர்ப்புகள் எழவே இறுதி நேரத்தில் கைவிட்டது. ஏற்பாட்டாளர்கள் சோர்ந்துவிடவில்லை. அருகிலேயே வேறோர் இடத்தைப் பிடித்து, குறித்த நாளிலேயே அப்படங்களை மக்கள் காணச் செய்தனர். தெரேசினின் யூதக் குழந்தை வரைந்தாலும் காசாவின் பாலத்தீனக் குழந்தை வரைந்தாலும், குழந்தை தான் கண்டதையே வரைகின்றது. ஒன்றைப் போற்றி மற்றொன்றை மறைக்கும் கண் நேர்மையான கண் ஆகாது.

எழும் ஐயங்கள்

இவ்வளவு பெருந்துயர்களை நம் ஊர் மகாலின் சிறு விழாவோடு இணைத்துப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். துயரின் அளவை நாம் ஒப்பிடவில்லை. குழந்தை படத்தின்வழிப் பேசுகின்றது, கேட்பது பெரியோர் கடன் என்னும் ஒன்றையே ஒப்பிடுகிறோம். தந்தையைப் பிரிந்த ஏக்கம் சிறிதாயினும் அதுவும் ஏக்கமே.

பரிசு இல்லையேல் ஊக்கம் ஏது என்பது இரண்டாம் ஐயம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949இல் குழந்தைகளுக்கென ஒரு போட்டியைத் தொடங்கினார். மறு ஆண்டே அது பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்தது. உலகெங்குமுள்ள குழந்தைகள் தூரிகை பிடிக்க அது தூண்டுகோலாயிற்று. அத்தகைய போட்டிகள் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. போட்டி வேறு, ஊர்க் கண்காட்சி வேறு என்பதே நாம் சொல்ல விழைவது. போட்டி சிலரைத் தேர்ந்தெடுப்பதற்கு உரியது. ஊர்க் கண்காட்சியோ எல்லாரையும் கேட்பதற்கு உரியது. மூவர்க்குப் பரிசு கொடுத்து நூற்றுவர்க்கு 'உனக்கு வராது' என்று சொல்லி அனுப்பும் விழாவை ஊக்கமளிக்கும் விழா என்று எங்ஙனம் சொல்வது?

பெற்றோர் உதவினால் என்ன குற்றம் என்பர் வேறு சிலர். தாள் வாங்கிக் கொடுப்பதும், அருகமர்ந்து பார்ப்பதும், என்ன வரைந்தாய் என்று கேட்பதும் உதவியே. கோட்டைத் தாமே போட்டுக் கொடுப்பது உதவியன்று. அதனால் குழந்தை கற்பது ஓவியத்தை அன்று. பிறர் உழைப்பில் தன் பெயரை எழுதுவதையே ஆகும். அவ்வழக்கம் கல்லூரி வரை தொடர்வதையும், பிறர் எழுதிய கட்டுரையில் தம் பெயரிட்டுத் தரும் மாணவரையும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வேர் எங்குள்ளது என்று தேடவேண்டியதில்லை.

நாம் செய்யத்தக்கன

இத்தாலி நாட்டின் ரெஜ்ஜோ எமிலியா நகரம் இவ்வகையில் நமக்கு நல்ல வழிகாட்டி. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல், அந்நகரை அடுத்த சிற்றூர் ஒன்றின் மக்கள், செருமானியப் படை விட்டுச்சென்ற பீரங்கி வண்டியையும் பிற பொருள்களையும் விற்று, தம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினர். அதனைக் கண்டு நெகிழ்ந்த லோரிசு மலகுட்சி என்னும் ஆசிரியர் தம் வாழ்நாளை அப்பணிக்கே அளித்தார். அந்நகரின் மழலையர் பள்ளிகளில் ஓவியக்கூடமும் கலையாசிரியரும் இன்றியமையாத கூறுகளாயினர். 1981இல் அப்பள்ளிகளின் ஆக்கங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. பின்னர் அக்கண்காட்சி உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. குழந்தையின் படத்தோடு, குழந்தை அதனைப் பற்றிச் சொன்ன சொற்களையும் பதிந்து வைப்பது அப்பள்ளிகளின் வழக்கம். பீரங்கி வண்டியை விற்றுப் பள்ளி கட்டியவர்களுக்குக் குழந்தையின் சொல் அத்துணை விலை மதிப்புடையதாயிற்று.

நம் ஊரிலும் இது கூடும், பெருஞ்செலவு வேண்டா. பெரியோர் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் சிலவே. குழந்தைகள் வீட்டிலிருந்து படம் கொண்டுவருவதற்கு மாறாக, கண்காட்சிக்கு முதல்நாள் மகாலிலேயே அமர்ந்து வரையட்டும். வாங்க இயலாதவர் நாணாதவாறு தாளும் கிரேயானும் எல்லார்க்கும் ஒன்றுபோல் வழங்கப்படட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் குழந்தையின் பெயரும் வயதும், அப்படம் பற்றி அக்குழந்தை சொன்னதும், திருத்தப்படாமல் எழுதப்படட்டும். நம் கல்லூரி மாணவர் அதனை எழுதித் தருவர். முதல், இரண்டு, மூன்று என்னும் வரிசை வேண்டா. பரிசுக்கென ஒதுக்கும் பணத்தில் ஒவ்வொருவர்க்கும் ஒரு வண்ணப்பெட்டி கிடைக்கட்டும். படங்களைக் குழந்தைகளின் கண்மட்டத்தில் ஒட்டுவோம். பெரியோர் சற்றுக் குனிந்து பார்க்கட்டும். அக்குனிதலே அவ்விழாவின் சிறந்த நிகழ்ச்சியாக அமையும். விழா முடிந்தபின் படங்கள் குப்பைக்குச் செல்லாமல் உரியவர் கையில் சேரட்டும்.

இறுதியாகக் கூறியது நம் குற்றவுணர்வின் பயன். அந்தச் செல்பேசிப் படத்தைப் பின்னர்த் தேடினோம். மகாலைத் தூய்மை செய்தபோது ஏனைய தாள்களோடு அதுவும் போயிற்று என்றனர். போர்க்கால முகாமில் 4,500 படங்கள் இரு பெட்டிகளில் காக்கப்பட்டன. அமைதியான நம் ஊரில் ஒரே ஒரு படத்தைக் காக்க நம்மால் இயலவில்லை.

வரும் கண்காட்சிக்கும் நடுவராக வருமாறு பெரியோர் அழைத்துள்ளனர். நடுவராக வர இயலாது, குழந்தைகள் சொல்வதை எழுதித் தரும் எழுத்தராக வருகிறோம் என்று மறுமொழி தந்துள்ளோம். அவர்களும் இசைந்துள்ளனர். அச்சிறுமியின் வீட்டுக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம். அவள் வருவாளோ, மாட்டாளோ, அறியோம். வந்தால் அவளுக்கென ஒரு தாளும், நம் கையில் ஒரு பேனாவும், கேட்கப் பொறுமையும் இருக்கும்.